ஒரு பாட்டுகூட வெளியாகாமல் 40 லட்சம் ஆல்பம் விற்பது எப்படி?

கேள்வி: டெய்லர் ஸ்விஃப்ட் 2025 அக்டோபரில் ‘தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்’ ஆல்பத்தை வெளியிட்டார். அதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட வெளியே விடவில்லை. அப்படியும் முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 40 லட்சம். கேட்காத பாட்டை இத்தனை பேர் எப்படி வாங்குகிறார்கள்? ஒரு பாப் ஆல்பம் உருவாவதும் அதற்கு விளம்பரம் செய்வதும் எப்படித்தான் நடக்கிறது?

பதில்:

முதலில் அந்த 40 லட்சத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. பில்போர்டு பத்திரிகையின் கணக்குப்படி அது 40.02 லட்சம் ‘யூனிட்’. இதில் சுமார் 34.8 லட்சம், ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கிய பிரதிகள். வினைல் இசைத்தட்டு, சிடி, கேசட், டவுன்லோடு எல்லாம் இதில் சேர்த்தி. மிச்சமிருக்கும் 5.2 லட்சம்தான் ஸ்ட்ரீமிங்கில் கேட்டதை ஆல்பமாக மாற்றிப் போட்ட கணக்கு. அந்த வாரத்தில் இதன் பாட்டுகள் அமெரிக்காவில் 68 கோடி தடவை ஓடியிருக்கின்றன. வேறு யாருக்காவது இது கிடைத்திருந்தால் வருஷம் முழுக்கக் கொண்டாடியிருப்பார்கள். இங்கே அது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான்.

ஆக, பாட்டைக் கேட்டுப் பிடித்துப்போய் வாங்கியவர்களின் கணக்கு இதில் ரொம்பச் சின்னது. பெரும்பகுதி, பாட்டு காதில் விழுவதற்கு முன்பே முன்பதிவு செய்து வைத்தவர்களுடையது. இன்றைய பாப் விளம்பரம் முழுவதும் இந்த முன்பதிவைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஏன் என்று புரிய, பில்போர்டின் வாராந்தர ஆல்பப் பட்டியலை எப்படி எண்ணுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1991 வரைக்கும் அமெரிக்காவில் ஆல்பப் பட்டியல் தயாரித்த விதத்தைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். பில்போர்டு ஆட்கள் கடைகளுக்குப் போன் போட்டு, இந்த வாரம் எது நன்றாகப் போகிறது என்று கேட்பார்கள். கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு. அவருக்குப் பிடித்தது, இசைக் கம்பெனி ஆள் வந்து ‘கவனித்துவிட்டு’ப் போனது, கிடங்கில் தேங்கிக் கிடப்பது எல்லாம் அதில் கலந்துவிடும். 1991 மே மாதம் சவுண்ட்ஸ்கேன் என்ற முறைக்கு மாறினார்கள். பில் போடும் இடத்தில் ஸ்கேன் ஆகும் பார்கோடையே எண்ணத் தொடங்கினார்கள். அதுவரை, வெளியான உடனே நேராக முதலிடத்தில் நுழைந்த ஆல்பங்கள் மொத்தமே 6. முதலாவது 1975இல் எல்டன் ஜானுடையது. பார்கோடு வந்த பிறகு இது சர்வசாதாரணமாகிவிட்டது. ரசிகர்கள் முதல் நாளே கடைக்கு ஓடுகிறார்கள் என்பது, எண்ண ஆரம்பித்த பிறகுதான் கம்பெனிகளுக்கே தெரிந்தது.

பழைய காலம் எப்படி இருந்தது என்பதற்கு மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’தான் நல்ல உதாரணம். 1982 நவம்பர் 30 அன்று வெளியானது. பட்டியலில் 11ஆம் இடத்தில்தான் நுழைந்தது. முதலிடத்தைத் தொட 1983 பிப்ரவரி கடைசி ஆனது. அப்புறம் விட்டு விட்டு 37 வாரங்கள் அங்கேயே இருந்தது. 9 பாட்டுகளில் 7 சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வந்தன. அவற்றில் ஒன்றுதான் ஆல்பத்துக்கு முன்னால் வந்தது, மற்ற ஆறும் பின்னால் வரிசையாக வந்தன. எல்லாருக்கும் தெரிந்த அந்த 14 நிமிட வீடியோ 1983 டிசம்பரில்தான் வந்தது, அதாவது ஆல்பம் கடைக்கு வந்து ஒரு வருஷம் கழித்து. அன்றைக்கு ஆல்பம் முதலில் போகும், விளம்பரம் பின்னாலேயே ஓடும். இப்போது வரிசை தலைகீழ்.

இந்தத் தலைகீழ் மாற்றத்தை முழுமையாக்கியது வெள்ளிக்கிழமை. 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புதிய இசை வெள்ளிக்கிழமைதான் வெளியாகிறது. அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய், ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் வெள்ளி என்று ஊருக்கு ஒரு நாள் இருந்தது. ஒரு நாட்டில் வந்ததும் அடுத்த நாட்டுக்காரர்கள் திருட்டுத்தனமாக இறக்கிவிடுவார்கள். இப்போது பில்போர்டின் வாரமும் வெள்ளியில் தொடங்கி வியாழனில் முடிகிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: இரண்டு மூன்று மாதமாகச் சேர்ந்த முன்பதிவு முழுவதும் அந்த ஒரே வாரத்துக் கணக்கில் வந்து விழும். ஆனால் சிடியோ வினைலோ, வாங்கியவருக்கு அனுப்பிய பிறகுதான் எண்ணப்படும். முன்பதிவு எத்தனை குவிந்தாலும் கிடங்கிலிருந்து பெட்டி கிளம்பாவிட்டால் பலனில்லை. எனவே ஆல்பம் வெளியாவதற்கு ரொம்ப நாள் முன்பே எல்லாம் அச்சாகி, பெட்டி கட்டப்பட்டு, காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, இனி அந்தப் பெட்டிக்குள் போவது எப்படி உருவாகிறது என்று பார்ப்போம்.

பெரிய பாப் ஆல்பங்கள் பொதுவாக இரண்டு வழிகளில் எழுதப்படுகின்றன. ஒன்று, ‘ரைட்டிங் கேம்ப்’. ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அறைக்கு அறை பாடலாசிரியர்களையும் தயாரிப்பாளர்களையும் உட்கார வைத்துவிடுவார்கள். ஒருவர் தாளமும் பின்னணியும் போடுவார், இன்னொருவர் மெட்டும் வரியும் பிடிப்பார். பாடகர் அறை அறையாக நடந்து, தனக்கானதைப் பொறுக்குவார். 2012 கோடையில் நியூயார்க் பக்கத்து ஹாம்ப்டன்ஸில் பாடகி பியான்சே செய்தது இதைத்தான். இன்னொன்று, நம்பிக்கையான இரண்டு மூன்று பேரோடு கதவைச் சாத்திக்கொள்வது. ‘ஷோகேர்ள்’ இந்த வகை. ஸ்விஃப்ட்டின் ஈராஸ் டூர் 2023 மார்ச்சிலிருந்து 2024 டிசம்பர் வரை 149 நிகழ்ச்சிகளாக நடந்தது. அதன் ஐரோப்பியப் பகுதி 2024 கோடையில். நிகழ்ச்சிகளுக்கு இடையே கிடைத்த நாட்களில் சுவீடனுக்குப் பறந்து, மேக்ஸ் மார்ட்டின், ஷெல்பேக் என்ற இரண்டு தயாரிப்பாளர்களோடு இந்த 12 பாட்டுகளையும் செய்திருக்கிறார். ஊர் முழுக்க அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், ஸ்டுடியோவை யாரும் பார்க்கவில்லை.

மேக்ஸ் மார்ட்டினைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் ஸ்டாக்ஹோமில் இருந்த செய்ரான் ஸ்டுடியோவிலிருந்து கிளம்பியவர். கடந்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்கப் பாப்பின் மெட்டுகளில் பெரும்பங்கு சுவீடனிலிருந்து வந்ததற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். அவருடைய பள்ளியில் மெட்டுதான் முதலில். அசை எண்ணிக்கை மெட்டுக்குள் உட்கார வேண்டும், உட்காராவிட்டால் வரியைத்தான் மாற்ற வேண்டும். வரியே தன் பலம் என்று நினைக்கும் ஸ்விஃப்ட் இப்படிப்பட்ட ஒருவரிடம் 2012, 2014, 2017 ஆல்பங்களுக்குப் பிறகு திரும்பப் போனது எனக்கு விளம்பரத்தைவிடச் சுவாரசியமான விஷயமாகப் பட்டது. 2020இல் ‘ஃபோக்லோர்’ செய்தபோது அவர் போன திசை இதற்கு நேர் எதிர்.

குரல் பதிவும் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பதுபோல ஒரே மூச்சில் பாடி முடிப்பதல்ல. ஒரு பாட்டைப் பல தடவை பாடவைத்து, ஒவ்வொரு வரிக்கும், சில நேரம் ஒவ்வொரு அசைக்கும், எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்து ஒட்டுவார்கள். இதற்குக் ‘காம்ப்பிங்’ என்று பெயர். அப்புறம் மிக்ஸிங், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலப்பது. செர்பன் கெனியா என்று ஒருவர் வர்ஜீனியாவில் இருக்கிறார், பத்திரிகைகளில் பெயரே அடிபடாது. ஆனால் இந்த இருபது ஆண்டுகளின் பெரிய பாப் ஆல்பம் எதையாவது எடுத்து உள்ளுறையைப் படித்துப் பாருங்கள், மிக்ஸிங் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கடைசியாக மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கான இறுதிப் பிரதியைத் தயார் செய்வது. இது வினைலுக்கு வேறு, ஸ்ட்ரீமிங்குக்கு வேறு. ஒரு பக்கத்தில் நிமிடங்களைத் திணித்தால் தட்டின் வரிப்பள்ளங்கள் நெருக்கியடித்துச் சத்தம் மெலிந்துவிடும். ‘த்ரில்லர்’ கடைசி நேரத்தில் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. முடித்துவிட்டோம் என்று உட்கார்ந்து கேட்டால் சத்தம் பலவீனமாக இருந்தது. தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் சில பாட்டுகளின் நீளத்தை வெட்டி, மறுபடி ஒவ்வொன்றாக மிக்ஸ் செய்யவைத்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் வக்கீல்களின் வேலை ஓடிக்கொண்டிருக்கும். யார் எத்தனை சதவீதம் எழுதினார்கள், பழைய பாட்டின் மெட்டு எங்காவது வருகிறதா, வந்தால் அனுமதி இருக்கிறதா என்று ஒவ்வொரு பாட்டுக்கும் பார்க்க வேண்டும். ‘ஷோகேர்ள்’ ஆல்பத்தில் ‘ஃபாதர் ஃபிகர்’ என்ற பாட்டு, ஜார்ஜ் மைக்கேலின் 1987ஆம் வருடப் பாட்டிலிருந்து எடுத்தாண்டது. அவர் 2016இல் இறந்துவிட்டார், எனவே அவருடைய உரிமைகளைப் பார்த்துக்கொள்பவர்களின் சம்மதம் வாங்கி, எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயரும் போடப்பட்டது. இந்தக் கையெழுத்து தாமதமானால் உறை அச்சாகாது. உறை அச்சாகாவிட்டால் தேதி போய்விடும்.

தேதியை உண்மையில் முடிவு செய்வது பல நேரம் வினைல் ஆலைதான். உலகத்தில் வினைல் அடிக்கும் ஆலைகள் குறைவு, ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2021இல் பிரிட்டிஷ் பாடகி அடேலின் ‘30’ ஆல்பத்துக்கு 5 லட்சத்துக்கும் மேல் வினைல் அடித்து வைத்ததாகச் செய்தி வந்தது. அந்த வருஷம் சின்னக் கலைஞர்கள் பலர் ஆலையில் இடம் கிடைக்காமல் அல்லாடினார்கள்.

பாட்டு முடிந்ததற்கும் வெளியாவதற்கும் நடுவே இருக்கும் இந்த மாதங்கள்தான் ரகசியத்துக்கு ஆபத்தான காலம். நார்த் கரோலினாவில் கிங்ஸ் மவுண்டன் என்ற சின்ன ஊரில் இருந்த சிடி தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர், இரண்டாயிரங்களின் முதல் சில ஆண்டுகளில் இரண்டாயிரம் ஆல்பங்கள்வரை வெளியே கடத்தியிருக்கிறார். வாசலில் உலோகச் சோதனை உண்டு. சிடியைப் பெரிய பெல்ட் பக்கிளுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தாண்டியிருக்கிறார்கள்! இன்று இணையத்தில் கசிந்தால் அஞ்சு நிமிஷத்தில் உலகம் முழுக்கப் போய்விடும்.

இந்த ஆபத்துக்கு இதுவரை கிடைத்த சிறந்த விடை பியான்சேயுடையது. 2013 டிசம்பர் 13 அன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பத்தை ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடையில் மட்டும் ஏற்றினார். 14 பாட்டுகள், 17 வீடியோக்கள். தனித்தனிப் பாட்டாக வாங்க முடியாது, முழுசாகத்தான் வாங்க வேண்டும். மூன்றே நாளில் அமெரிக்காவில் 6.17 லட்சம், உலகம் முழுக்க 8.28 லட்சம் விற்றது. சிடி கடைக்கு வந்ததோ ஒரு வாரம் கழித்து. கோபமடைந்த டார்கெட் என்ற பெரிய அமெரிக்கக் கடை நிறுவனம் அந்த சிடியை விற்கவே மாட்டோம் என்று சொல்லிவிட்டது. விளம்பரமே இல்லாமல் விற்றார் என்று இதைச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 17 வீடியோக்களைப் பல நாடுகளில் எடுத்து, அத்தனை பேரின் வாயையும் அடைத்து வைப்பதற்கு ஆன செலவும் உழைப்பும்தான் அங்கே விளம்பரம். வழக்கமாகப் பத்திரிகைப் பேட்டிக்கும் வானொலிக்கும் போகிற பணம் வேறு இடத்துக்குப் போனது. அவ்வளவுதான்.

இதே வித்தையை எல்லாராலும் செய்ய முடியாது என்பதற்கு அடுத்த வருஷமே ஒரு பாடம் கிடைத்தது. 2014 செப்டம்பரில் யு2 என்ற ராக் குழுவின் புதிய ஆல்பத்தை ஆப்பிள் நிறுவனம் சுமார் 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் தானாகவே, இலவசமாகச் சேர்த்துவிட்டது. நன்றி வரும் என்று எதிர்பார்த்தார்கள், திட்டுதான் வந்தது. அதை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனிப் பக்கம் திறக்க வேண்டியதாயிற்று. காத்திருக்காதவர் கையில் எதைத் திணித்தாலும் கோபம்தான் வரும். காத்திருக்க வைப்பதுதான் விளம்பரக்காரரின் வேலை.

ஸ்விஃப்ட் தரப்புக்கு இது நன்றாகத் தெரியும். 2025 ஆகஸ்டில் என்ன செய்தார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். அவருடைய இணையதளத்தில் முதலில் ஒரு கவுண்ட்டவுன் ஓடியது. அது ஆகஸ்ட் 12 நள்ளிரவு தாண்டி 12:12க்கு முடிந்தது (இது அவருடைய 12ஆவது ஆல்பம்). ஆல்பத்தின் தலைப்பு தெரிந்தது. கூடவே ஒரு சின்ன வீடியோ: அவருடைய காதலர், அமெரிக்கக் கால்பந்து வீரர் டிராவிஸ் கெல்ஸியும் அவர் அண்ணன் ஜேசனும் நடத்தும் பாட்காஸ்டில், ஸ்விஃப்ட் ஒரு பச்சைப் பெட்டியிலிருந்து ஆல்பத்தை எடுத்துக் காட்டுகிறார். அட்டைப்படம் மட்டும் மங்கலாக்கப்பட்டிருந்தது. அந்த நிமிஷமே முன்பதிவு திறந்துவிட்டது! அட்டை தெரியாது, பாட்டின் பெயர் தெரியாது, வெளியீட்டுத் தேதியும் தெரியாது. அக்டோபர் 13க்குள் அனுப்புவோம், அது வெளியீட்டுத் தேதி அல்ல என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. மறுநாள் மாலை முழுப் பேட்டி வந்தது. அப்போதுதான் அட்டைப்படமும், அக்டோபர் 3 என்ற தேதியும், பாட்டுப் பட்டியலும் வெளியாயின. யூடியூபில் ஒரே நேரத்தில் 13 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். கவனியுங்கள், ஒரு செய்தியை மூன்று நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனிச் செய்தியாக்கியிருக்கிறார்கள். இந்த அறிவிப்புக்காகப் பெரிய தொலைக்காட்சி எதற்கும் போகவில்லை. காதலரின் பாட்காஸ்ட் போதுமானதாக இருந்தது.

அடேல் 2015இல் செய்தது இதைவிடச் சிக்கனம், என் கண்ணுக்கு இதைவிட அழகும்கூட. அக்டோபர் 18 அன்று பிரிட்டனில் ‘எக்ஸ் ஃபேக்டர்’ பாட்டுப் போட்டி நிகழ்ச்சியின் விளம்பர இடைவேளையில் அரை நிமிஷம் கறுப்புத் திரை, பாட்டு வரிகள், அந்தக் குரல். பெயர் போடவில்லை. அஞ்சு நாள் கழித்து ‘ஹலோ’ வந்தது, நவம்பர் 20இல் ‘25’ ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் முதல் வாரம் 33.8 லட்சம் பிரதிகள் விற்றன. அந்த ஆல்பத்தை முதல் ஏழு மாதம் ஸ்ட்ரீமிங்கில் போடவே இல்லை. கேட்க வேண்டுமா, வாங்கு. அங்கே ஒரே ஒரு பாட்டு மொத்த ஆல்பத்தையும் விற்றது. பத்து வருஷம் கழித்து ஸ்விஃப்ட் அந்தச் சாதனையை முறியடித்தபோது முன்னோட்டமாக ஒரு பாட்டும் தேவைப்படவில்லை. ஆனால் இன்னொன்று தேவைப்பட்டது.

அதுதான் ‘வேரியன்ட்’. அதே 12 பாட்டு, வேறு அட்டை, வேறு நிற வினைல், ஒரு போஸ்டர், ஒரு கையெழுத்து, இரண்டு கூடுதல் அக்கௌஸ்டிக் (மின் வாத்தியம் இல்லாத) பதிவு என்று ‘ஷோகேர்ள்’ 30க்கும் மேற்பட்ட வடிவங்களில் விற்கப்பட்டது. சில ஒரு நாள், இரண்டு நாள் மட்டுமே கிடைக்கும் என்று கடிகாரம் வைத்து விற்றார்கள். வினைல் மட்டும் முதல் வாரத்தில் 13.3 லட்சம். இதை அவர் கண்டுபிடிக்கவில்லை. கொரியக் குழுக்கள் சிடிக்குள் உறுப்பினர்களின் படங்களைக் கலந்து போட்டு, வேண்டியவர் படம் கிடைக்கும்வரை வாங்க வைப்பதை எப்போதோ தொடங்கிவிட்டன. ஸ்விஃப்ட்டே 2022இல் ‘மிட்நைட்ஸ்’ ஆல்பத்தின் நாலு வினைல் உறைகளைச் சேர்த்து வைத்தால் கடிகாரம் ஆகும் என்று விற்றார். இந்தப் பழக்கத்தைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. பணக்கார ரசிகர்கள் சேகரிப்பது அவர்கள் பாடு. பதினைந்து வயதுப் பிள்ளை, தலைவிக்கு ஓட்டுப் போடுவதுபோல அதே ஆல்பத்தை மூன்றாம் தடவை வாங்குவதை ‘ரசனை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பில்போர்டும் அவ்வப்போது விதிகளை இறுக்குகிறது. 2019இல் டிஜே காலிட் தன் ஆல்பத்தை எனர்ஜி டிரிங்க்கோடு சேர்த்து விற்றார். அந்தக் கணக்கை பில்போர்டு ஏற்காததால் முதலிடம் டைலர் தி கிரியேட்டருக்குப் போனது. 2020 அக்டோபரில், டி-ஷர்ட், கச்சேரி டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் ஆல்பங்களைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. வேரியன்ட்டுக்குத் தடை போடவில்லை. அதனால்தான் எல்லாரும் அங்கே குவிகிறார்கள்.

வெளியீட்டு வாரத்தில் தியேட்டரையும் ஸ்விஃப்ட் விட்டுவைக்கவில்லை. அக்டோபர் 3 முதல் 5 வரை மூன்று நாள் மட்டும், ஒன்றரை மணி நேரப் படமாக, பாட்டு உருவான விதத்தைச் சொல்லி முதல் வீடியோவையும் காட்டினார்கள். டிக்கெட் 12 டாலர். அமெரிக்காவில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் வசூல். விளம்பரத்துக்கே மக்கள் டிக்கெட் வாங்கினார்கள் என்று இதைச் சொல்லலாம்.

அப்படியானால் இரண்டாவது வாரம்? ஏறக்குறைய 3.4 லட்சம். 90 சதவீதத்துக்கும் மேல் சரிவு. அப்படியும் முதலிடத்தை விடவில்லை, மற்றவர்களின் விற்பனை அவ்வளவு குறைவு. ஆனால் எல்லாவற்றையும் முதல் ஏழு நாளுக்குள் கொட்டிவிடும் உத்திக்கு விலை இதுதான். அந்த வாரத்துக்கு அப்புறம் ஆல்பம் வளர்வதற்கு இடம் குறைந்துவிடுகிறது.

நீங்கள் இதைக் கேட்பது நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ பாட்டு வெளியிடப்போகிறீர்கள் என்பதற்காக என்றால், மேலே சொன்ன எதையும் பின்பற்றாதீர்கள். காத்திருக்கும் கூட்டம் இல்லாதவருக்குக் கவுண்ட்டவுன் வீண். அமெரிக்கப் பாடகி சாப்பல் ரோனைப் பாருங்கள். 2020இல் அவரை ஒரு பெரிய கம்பெனி கைவிட்டுவிட்டது. ஊருக்குத் திரும்பி வேறு வேலை பார்த்துக்கொண்டே, தயாரிப்பாளர் டேன் நிக்ரோவோடு ஒவ்வொரு பாட்டாக வெளியிட்டார். 2023 செப்டம்பரில் முதல் ஆல்பம் வந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2024 தொடக்கத்தில் ஒலிவியா ரோட்ரிகோவின் கச்சேரிகளில் முன்னால் பாடினார், ஏப்ரலில் கோச்செல்லா இசைவிழா மேடை ஏறினார், ஆல்பத்தில் இல்லாத ஒரு புதுப் பாட்டை விட்டார். ஜனங்கள் பின்னோக்கிப் போய்ப் பழைய ஆல்பத்தைத் தேட ஆரம்பித்தார்கள். வெளியாகி ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில், அது பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. வேறு ஒன்றும் செய்ய முடியாவிட்டால் ஸ்பாட்டிஃபையில் பாட்டைக் குறைந்தது 7 நாள் முன்னதாக ஏற்றி, அவர்களுடைய பிளேலிஸ்ட் குழுவுக்குச் சமர்ப்பித்துவிடுங்கள். அதற்குக் காசு கிடையாது.